குடிக்காமல் வைத்த கஹ்வா

போன வாரம் துபாயிலிருந்து கார்த்திகேயன் போன் செய்தார். எங்கள் பழைய கம்பெனியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். விசா வேலை.

"சார், விஷயம் தெரியுமா? அப்பா அம்மா விசாவுல இருக்கற பசங்களுக்கு வயசு வரம்பை நல்லா ஏத்திட்டாங்க. பதினெட்டு ஆயிருச்சுன்னு இனிமே யாரும் அலற வேண்டாம். எல்லாம் போன்லயே முடிஞ்சுருது. உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?"

"சமாளிச்சோமா? ராஜ்யமே நடத்தினோம்யா!" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி, "ஆரம்பிச்சாச்சா? இனி அந்தாளு போனை வச்ச மாதிரிதான்" என்றாள். பாவம் கார்த்திகேயன், ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

எழுபதுகளின் தொடக்கத்தில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட்டோடு திருவாரூரிலிருந்து கிளம்பி பம்பாயில் கப்பல் ஏறியவன் நான். துபாய் தேராவில் ஒரு கட்டட கான்டிராக்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட். விசா பேப்பர் அடித்துக்கொண்டிருந்த மலையாளி லீவில் போனவர் திரும்பி வரவில்லை. அவர் மேஜையை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். பயிற்சியா? முதல் மாதம் திட்டு வாங்கினேன், இரண்டாம் மாதமும் திட்டு வாங்கினேன், மூன்றாம் மாதத்திலிருந்து நான் திட்ட ஆரம்பித்தேன். அவ்வளவுதான் பயிற்சி.

வேலை இதுதான். வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கஃபீல் வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர், 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். நல்ல சம்பளக்காரன் தன் பொறுப்பில் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். மகளைக் கல்யாணம் ஆகும்வரை வைத்துக்கொள்ளலாம். மகன் என்றால் பதினெட்டு வயதுவரை. பதினெட்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் அவன் பிள்ளை இல்லை, ஆம்பளை. தனக்கென்று ஒரு வேலை, தனக்கென்று ஒரு கஃபீல் வேண்டும். மனு மேஜையில் பாதி நகர்ந்திருக்கும்போது பையன் பதினெட்டைத் தொட்டுவிட்டாலும் அதே கதிதான். கலாஸ், முடிந்தது கதை, மனு குப்பைக்கு.

இந்த ஒரு விஷயம் நம்முடைய படித்த ஆட்களின் மண்டையில் ஏறவே ஏறாது. மெட்ராஸ்காரர் ஒருவர், சீனியர் இன்ஜினியர். ஒருநாள் பெரிய கேக் பெட்டியோடு என் அறைக்கு வந்தார். "எடுத்துக்குங்க ராமநாதன், பையனுக்கு பர்த்டே."

"சந்தோஷம் சார். எத்தனை வயசு?"

"எய்ட்டீன்!" என்றார் மீசையை நீவிக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம்! "கேக் வெட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்? போன மாசம் வந்திருந்தா பையனை காலேஜ் லீவுல இங்கேயே வச்சிருக்க வழி பண்ணியிருப்பேன். இப்ப மூட்டையைக் கட்டச் சொல்லுங்க" என்றேன். மனிதர் முகம் தொங்கிவிட்டது. பையன் மெட்ராஸ் போய் ஹாஸ்டலில் சேர்ந்தான். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் முதலில் என்னிடம் வந்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் பலூன் வாங்குவார்கள். கேக்கை நான் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

பேப்பர் அடிப்பது நான். அதை எடுத்துக்கொண்டு அரசு ஆபீஸ்களில் நுழைபவர் ஜுமா. கம்பெனியின் மந்தூப், அதாவது முதலாளி சார்பில் அரசாங்கத்தோடு பேசி வேலை முடிக்கிற உள்ளூர்க்காரர். எனக்கு மேலதிகாரியும் அவரே. சின்ன வயதில் அப்பாவோடு பேரீச்சம்பழ வியாபாரத்துக்குப் பம்பாய் போய் வருஷக்கணக்காக இருந்தவர், அதனால் இந்தி சரளம். வெள்ளை கந்தூரா அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது. ஊதுபத்தி வாசனை அவருக்கு முன்னால் வந்து சேரும், பின்னால் அவர் வருவார். கர்வம் பிடித்த மனுஷன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வேலை என்றால் அது வேலை.

அவருடைய முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைய மாட்டார். அது காரிலேயே கிடக்கும். உள்ளே போய் சலாம் சொல்லி உட்கார்ந்து, உடம்பு எப்படி, அண்ணன் எப்படி, ஒட்டகம் எப்படி, மழை உண்டா என்று ஒரு சுற்று வருவார். அப்புறம் கஹ்வா வரும். ஏலக்காய் போட்ட, பால் சர்க்கரை எதுவும் இல்லாத, மஞ்சள் நிறக் கசப்புக் காப்பி. நம் ஊர் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்குக்கு அது ஒரு தண்டனை. குடித்து முடித்து, "அப்ப நான் வரட்டுமா" என்று எழுந்து, கதவுவரை வந்து, அங்கே நின்று, "ஆங், ஒரு சின்ன விஷயம்" என்பார். அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் போயிருப்போம். அதிகாரி, "கொண்டு வா பார்ப்போம்" என்ற பிறகுதான் நான் காருக்கு ஓட வேண்டும்.

"ஜல்தி பண்ணாதே ராமநாதன்" என்பார். "ஃபைலோட போனா நீ கிளார்க். வெறுங்கையோட போனா நீ விருந்தாளி. கிளார்க்கை நாளைக்கு வான்னு சொல்லலாம், விருந்தாளியைச் சொல்ல முடியாது."

நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை கஹ்வா கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆறட்டுமே என்று கோப்பையைக் குடிக்காமல் தரையில் வைத்தேன். அவ்வளவுதான், பேசிக்கொண்டிருந்த அதிகாரி டக்கென்று நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். ஜுமா பாய்ந்து கோப்பையை எடுத்து என் கையில் திணித்து, "குடி!" என்று பல்லைக் கடித்தார். நாக்கு வெந்துபோகக் குடித்தேன்.

காரில் வரும்போது விளக்கம் கிடைத்தது. "எங்க ஆளுங்க வீட்டுல கொடுத்த கஹ்வாவைக் குடிக்காம கீழே வச்சா, 'உன்கிட்ட ஒண்ணு கேட்க வந்திருக்கேன், தர்றேன்னு சொன்னாத்தான் குடிப்பேன்'னு அர்த்தம். வீட்டுக்காரன் என்ன வேணும்னு கேட்டே ஆகணும். முடியும்னா தந்தே ஆகணும். இது விளையாட்டு இல்லை. என் ஆயுசுல ஒரே தடவைதான் நான் வச்சிருக்கேன், அதுவும் என் மச்சானோட உயிருக்காக. நீ என்னடான்னா சூடு ஆறலைன்னு வைக்கிறே!" அது மட்டுமல்ல, குடித்தது போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதையும் அன்றுதான் சொன்னார்.

இப்போது பிலோமினா சிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே அல் கூஸில் அப்போதுதான் எங்கள் கம்பெனி கேம்ப் போட்டிருந்தது. மணல்வெளியில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள், ஓரத்தில் ஒரு டிஸ்பென்சரி. அங்கே நர்ஸ் பிலோமினா. கொளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டு, மீன்பிடிக்கிற சூசையைக் கட்டிக்கொண்டவர். ஒருநாள் வள்ளத்தில் போன சூசை திரும்பவில்லை. வள்ளத்தின் பலகைகள் கரை ஒதுங்கின, ஆள் ஒதுங்கவில்லை. மகன் மிக்கேலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனைக் கணவனின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இவர் இங்கே வந்துவிட்டார்.

நான் கேம்ப்புக்குப் போனால் எனக்கு டீ போட்டுக் கொடுப்பார், தான் குடிக்க மாட்டார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நேர்ச்சை சார். அவரு கடலுக்குப் போன அண்ணைக்கு எனக்க கையால காப்பி போட்டு குடுத்தேன். ரெண்டு பேரும் சேந்து குடிச்சோம். இனி அவரு வந்தாத்தான் குடிப்பேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன். டீயும் இல்ல, காப்பியும் இல்ல." ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

ஒருநாள் அவரே தேரா ஆபீஸுக்கு வந்துவிட்டார். ஊரிலிருந்து செய்தி. மிக்கேல் பள்ளிக்கூடத்தை முடித்ததும் பெரியப்பா அவனைத் தன் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்.

"கடலுக்குப் போறான் சார். அவனையும் கடல் எடுத்துக்கிட்டா நான் என்ன செய்வேன்? எனக்க கூட கொண்டு வந்திரணும். இங்க ஒரு தொழில் படிக்கட்டு. என்னால ஒறங்க ஒக்கல சார்."

"வயசு?"

"அடுத்த மாசம் பதினெட்டு."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன் சிஸ்டர், இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"வந்தா நீங்க எனக்க மாப்பிளையப் பத்தி கேப்பீங்கன்னு தெரியும் சார்" என்றார்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. தாயின் பொறுப்பில் பிள்ளை வர வேண்டுமானால் தகப்பன் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். தகப்பன் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ். சூசை சம்மதம் கொடுக்கவும் இல்லை, செத்ததாகக் காகிதமும் இல்லை. உடல் கிடைக்காதவனுக்கு நம் சர்க்காரில் ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போனால்தான் கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியும். ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஏழாவது வருஷத்தில் மிக்கேலுக்கு மீசை நரைக்காவிட்டாலும், பதினெட்டு தாண்டியிருக்கும். கம்பெனியில் வேலை விசா போடலாம் என்றால், அந்த வருஷம் முதலாளி கையில் இருந்ததெல்லாம் கல் சுமக்கிற வேலைக்கான விசா. அதில் வருகிறவன் ஆண்கள் கேம்ப்பில்தான் படுக்க வேண்டும், தாயோடு தங்க முடியாது.

மனுவை அடித்தேன். 'கணவர் தற்போது இருக்கும் இடம்' என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன்.

"கடல்னு போடுங்க சார்."

"காலமானார்னு போட்டாலாவது..."

"அப்படி நான் சொல்ல மாட்டேன்." குரலில் அப்படி ஒரு உறுதி. ஊரில் பாதிரியார் சூசைக்காகப் பூசை வைக்கக் கேட்டபோதும், கொழுந்தன்மார் கேட்டபோதும் இதையே சொல்லியிருக்கிறார். வருவாரு, அவ்வளவுதான். கடல் என்றே அடித்தேன்.

விசா ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். கடலில் இருக்கிறான் என்றால் கப்பலில் இருக்கிறானா, கடிதம் வாங்கி வா என்று திருப்பிவிட்டார். ஜுமாவிடம் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "முதீரைப் பார்க்கணும். அந்த அம்மாவையும் கூட்டிட்டு வா. இன்னைக்கு விஷயமே பேசக் கூடாது. முகத்தை மட்டும் காட்டிட்டு வந்துரணும். விஷயம் அடுத்த வாரம்."

முதீர் என்றால் அந்த ஆபீஸின் தலைமை அதிகாரி. பெயரும் ஊரும் வேண்டாம், அவருடைய பேரன்களெல்லாம் இப்போது பெரிய பெரிய இடத்தில் இருக்கிறார்கள். முத்துக் குளிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். தானும் சின்ன வயதில் முங்கி முங்கி ஒரு காது போனவர். அதனால் பேசுகிறவர் பக்கம் வலது காதைத் திருப்பி, தலையைச் சாய்த்துக்கொண்டே கேட்பார். முன்கோபி என்று பேர்.

போனோம். ஜுமா வழக்கம்போல வெறுங்கையோடு உள்ளே நுழைந்து ஒட்டகத்திலிருந்து ஆரம்பித்தார். நான் ஓரமாக, எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் பிலோமினா சிஸ்டர். மூலையில் கரி அடுப்போடு உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து, நீள மூக்குச் செம்பிலிருந்து கஹ்வா ஊற்றி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அங்கே கஹ்வா வரும் என்று எனக்குத் தெரியும். சிஸ்டர் குடிக்க மாட்டார் என்பதும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே அறையில் சந்திக்கப் போகின்றன என்பது அந்தக் கோப்பை அவர் கைக்குப் போகிறவரை எனக்கு உறைக்கவில்லை.

வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, சிஸ்டர் கோப்பையை வாங்கினார். ஒரு வாய்கூட வைக்காமல், சிந்தாமல், பத்திரமாகக் காலடியில் தரையில் வைத்தார்.

ஜுமா ஒட்டகத்தைப் பாதியில் விட்டார். முதீர் கோப்பையைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், வலது காதை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்த அம்மாவுக்கு என்ன வேணும்?"

நான் ஜுமாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். சரி, நடப்பது நடக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொல்லிவிட்டேன். மகன், பதினெட்டு, அடுத்த மாதம், வள்ளம், எல்லாம்.

"தகப்பன் எங்கே?"

"கடலுக்குப் போனார். திரும்பலை."

"உடம்பு?"

"கிடைக்கலை."

முதீர் மெதுவாகப் பேசினார். நான் துண்டு துண்டாக சிஸ்டருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எங்க அப்பாவுக்கும் கல்லறை கிடையாது. முத்துக் குளிக்கப் போன கப்பல் திரும்பி வந்துச்சு, அவர் வரலை. வீட்டுல யாரும் அவர் செத்துட்டார்னு சொல்லலை. ஒவ்வொரு வருஷமும் கப்பல் வர்றப்ப எங்க அம்மா கரையில போய் நிப்பா. ஒருநாள் எங்களை உட்கார வச்சு, 'உங்க அப்பா இறந்துட்டார்'னு சொன்னா. அன்னைக்குத்தான் நாங்க அழுதோம். எந்த காஜியும் சொல்லலை, எந்த ஆபீஸும் சொல்லலை, அவ சொன்னா. கடல் காகிதம் கொடுக்காதுன்னு எனக்குத் தெரியும். இந்த அம்மா தன் வாயால சொல்லட்டும், எனக்கு அது போதும்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "சொல்லித்தான் ஆகணுமா சார்?"

"ஆமா சிஸ்டர்."

"இத்தன வருசமா நான் சொல்லாததுனாலதான் அவரு எங்கயோ இருக்காருன்னு நெனச்சிட்டு இருக்கேன். நான் சொல்லிட்டா அது நெசமாயிருமே சார்."

நான் முதீரைத் திரும்பிப் பார்த்தேன்; அவருடைய வலது காது இன்னும் எங்கள் பக்கமே இருந்தது.

"சொன்னா மிக்கேலு வருவானா?" என்று கேட்டார்.

"வருவான்."

எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, முதீரின் முகத்தை நேராகப் பார்த்து, தமிழிலேயே சொன்னார்.

"எனக்க மாப்பிள செத்துப் போனாரு."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். முதீர் கையை உயர்த்தித் தடுத்தார். "புரிஞ்சுது" என்றார். ஜுமா எனக்குக் கண்ணைக் காட்டினார். காருக்கு ஓடி ஃபைலைக் கொண்டுவந்தேன். 'கடல்' என்று நான் அடித்திருந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் மிக்கேல் வந்து இறங்கினான். எலெக்ட்ரிக்கல் வேலை படித்தான். பின்னாளில் தோஹாவுக்குப் போய் நஜ்மா பகுதியில் சொந்தக் கடை போட்டான். தாயாரைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டான். ஜுமா இருக்கிறவரை, "எல்லாம் என் பிளான்தான், அந்த அம்மா குடிக்காதுன்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன்" என்று சாதித்துக்கொண்டிருந்தார். பொய். அன்றைக்கு அவர் கூரையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

ஆனால் கார்த்திகேயன், போனில் ஒரு பொத்தானை அழுத்தி நீங்கள் முடித்துவிடுகிற அந்த வேலை அன்றைக்கு எப்படி முடிந்தது என்று கேட்டீர்களே, அது கையெழுத்தோடு முடியவில்லை.

முதீர் பேனாவை மூடிவிட்டு, சிஸ்டர் காலடியில் இருந்த கோப்பையைக் காட்டினார். "இப்பக் குடிக்கச் சொல்."

சிஸ்டருக்கு நான் சொல்லாமலே புரிந்தது. குனிந்து கோப்பையை எடுத்தார். ஆறிப் போயிருந்தது. கிழவர் அதை வாங்கிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். காலிக் கோப்பையைத் திருப்பி நீட்டினார். ஆட்டவில்லை, அவருக்கு அது தெரியாது. கிழவர் மறுபடியும் ஊற்றினார். குடித்தார். மறுபடியும் ஊற்றினார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டேயிருந்தது. கோப்பையை ஆட்டச் சொல்லலாம் என்று நான் பக்கத்தில் நகர்ந்தேன். ஜுமா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்பக் கசக்குது சார்" என்றார் சிஸ்டர்.

"இங்க அப்படித்தான் சிஸ்டர்" என்றேன்.

கோப்பையை மறுபடியும் நீட்டினார்.